கொடுத்தவர் குற்றமன்று

(சங்கத்தின் ஆண்டுக் கடற்கரைக் கூட்டத்தில், ஒலுவில் துறைமுகத்தருகே, பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

வாலிபர் பகுதியின் சார்பில் “இளைஞரும் சமய வாழ்வும்” என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைக் கேட்டிருந்தார். தலைவர் அவர்களின் அனுமதியோடு அப்பொருளைச் சற்று ஒதுக்கிவைத்து, இரத்தத்தையும் குடலையும் பற்றிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். கடற்காற்று வாங்க வந்த இடத்தில் இது என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இறுதிவரை கேட்டால், இதுவும் சமய வாழ்வு பற்றிய பேச்சே என்பது விளங்கும்.

சென்ற ஆண்டு இதே கூட்டத்தில் எம்மோடிருந்து, பந்தி பரிமாறி, எல்லோரும் உண்டபின் தான் உண்ட ஓர் இளைஞன் இன்று எம்மிடையே இல்லை. அவன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் யாவரும் அறிவீர்கள். அவன் தாயாரும் அக்காவும் இசைந்த பின்னரே இப்பேச்சை எழுதினோம்.

அவனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. கொழும்பில் மருந்தேற்றினார்கள், நோய் அடங்கியது, சில மாதங்களில் மீண்டது. இனி என்பு மச்சையை மாற்றினாலன்றி வழியில்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அக்காவின் மச்சை தம்பிக்குப் பொருந்தியது. எம் சங்கம் கலைவிழா நடத்திப் பணம் திரட்டியது. இத்துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களின் முஸ்லிம் மீனவச் சகோதரர்கள் ஒருநாட் பிடியின் வருவாயைத் தந்தார்கள். இந்தியாவுக்குச் சென்று மாற்றுச் சிகிச்சை நடந்தது. பதினாறாம் நாள் அக்காவின் மச்சை தம்பியின் எலும்பில் வேர்கொண்டுவிட்டது என்ற செய்தி வந்தபோது கோயிலிற் பொங்கலிட்டோம். சங்கப் பலகையில் நன்றி அறிவித்தல் ஒட்டி, கணக்கையும் முடித்தோம்.

ஏறக்குறைய ஒரு மாதங் கழித்து வயிற்றோட்டம் தொடங்கியது. எண்பதாம் நாளைக்கூட அவன் காணவில்லை.

அந்தியேட்டி வீட்டில், அடுப்படியருகே யாரோ ஒருவர் சொன்ன சொல் இது: “அக்காட ரெத்தந்தான் தம்பியத் திண்டது.” சொன்னவர் தீயவர் அல்லர். வைத்தியர்கள் சொன்னதை அரைகுறையாகக் கேட்டு, தமக்கு விளங்கியபடி சொன்னார். ஆனால் அச்சொல் அக்காவின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கோயிலுக்கு வருவதில்லை. தம் கையைத் தாமே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

அச்சொல்லில் எது உண்மை, எது பொய் என்று பிரித்துக் காட்டுவதே எமது இன்றைய நோக்கம். அதற்காக எங்கள் பல்கலைக்கழக நூலகத்திற் பல நாள் இருந்து படித்தோம். வைத்தியத்துறை மாணவ நண்பர்களையும் கேட்டோம். தவறிருந்தால் இங்கிருக்கும் வைத்தியப் பெரியோர் திருத்துவார்களாக.

முதலில் மச்சை என்பது யாது? எலும்பை உடைத்தால் உள்ளே சோறுபோல இருப்பது அது. இரத்தத்தின் செங்குழியங்களும் வெண்குழியங்களும் அங்கேதான் பிறக்கின்றன. அவற்றுக்கெல்லாம் தாயாக அமைந்த கலங்கள் அங்குள்ளன. தென்னையின் குருத்து எப்படி ஓலையையெல்லாம் பிறப்பிக்கிறதோ, அப்படி இவை இரத்தத்தைப் பிறப்பிக்கின்றன. ஆதலால் இவற்றைக் குருத்துக் கலங்கள் என்போம். குருத்து நோயுற்றால் மரம் முழுதும் போகும். அப்போது நோயுற்ற குருத்தை மருந்தாலும் கதிர்வீச்சாலும் அழித்துவிட்டு, வேறொருவரின் நல்ல குருத்தை ஏற்றுகிறார்கள். மாங்கன்றை ஒட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இம்முறை நேற்று வந்ததன்று. 1956இல் அமெரிக்காவின் டொனல் தோமஸ் என்னும் வைத்தியர், புற்றுநோய் கண்ட ஒருவருக்கு அவருடைய இரட்டைச் சகோதரரின் மச்சையை ஏற்றினார். இத்துறையில் அவர் செய்த நெடுநாட் பணிக்காக 1990இல் நோபல் பரிசு பெற்றார். 1958 ஒக்டோபரில் யுகோசிலாவியாவின் வின்சா என்னுமிடத்து அணு ஆய்வு நிலையத்தில் விபத்து நேர்ந்து, ஆறுபேர் கடுங்கதிர்வீச்சுக்குள்ளானார்கள். அவர்களைப் பாரிசு நகருக்குக் கொண்டுசென்றனர். அங்கே ஜோர்ஜ் மத்தே என்னும் வைத்தியர் அவர்களில் ஐவருக்குப் பிரான்சு நாட்டவரின் மச்சையை ஏற்றினார். மச்சையைக் கொடுத்தால் தமக்கு என்ன நேருமென்று அந்நாளில் அறிந்தவர் அரியர். ஆயினும், மொழியும் தெரியாத அந்நியருக்காகச் சிலர் முன்வந்து கொடுத்தார்கள். அந்த ஆறுபேரில் ஒருவர் இறந்தார். ஏனையோர் பிழைத்து ஊர் சென்றனர்.

நம் அயலில், 1983இல் மும்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையில் இந்தியாவின் முதல் மச்சை மாற்று நடைபெற்றது. 1986இல் வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரியில் டொக்டர் மாமன் சாண்டி அவர்கள் இப்பணியைத் தொடங்கினார்கள். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருந்தகமே இன்று வேலூரிற் பெருமரமாய் நிற்கிறது. மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு அந்த வரலாற்றைப் படிக்கும்போது தனியொரு மகிழ்ச்சி உண்டாயிற்று. காரைதீவிற் பிறந்த எம் விபுலாநந்த அடிகளும் மிஷன் பாடசாலையிற் கற்று, விஞ்ஞான ஆசிரியராயிருந்து, பின்னரே துறவு பூண்டவர் என்பதைப் பெரியோர் அறிவீர்கள்.

இனிக் குடலுக்கு வருவோம். மச்சையை மாற்றினால் குடல் ஏன் நோகவேண்டும்?

மச்சையோடு கூடவே, கொடுத்தவரின் காவற்படையும் வருகிறது. வெண்குழியங்களில் ரீ வகை என்று ஒன்றுண்டு. அது தன்னுடையது எது, அந்நியமானது எது என்று பார்த்து, அந்நியமானதைத் தாக்கும். அந்தப் படைக்கு இப்போது புதுவீடு. சுற்றிலும் எல்லாமே அந்நியமாகத் தோன்றுகின்றன. ஆகவே வந்த வீட்டையே தாக்கத் தொடங்குகிறது. இதனை ஒட்டெதிர் நோய் என்று சொல்லலாம். ஒட்டிய குருத்து, ஒட்டப்பட்ட மரத்தையே எதிர்ப்பது. இது உண்டாவதற்கு மூன்று நிலைமைகள் வேண்டுமென்று 1966இல் பில்லிங்ஹாம் என்னும் அறிஞர் வகுத்துரைத்தார். ஏற்றப்பட்டதில் போர்செய்யவல்ல குழியங்கள் இருக்கவேண்டும்; ஏற்றவரின் உடலில் அவற்றுக்கு அந்நியமான அடையாளங்கள் இருக்கவேண்டும்; ஏற்றவரின் உடல் அவற்றை விரட்ட வலிமையற்றிருக்கவேண்டும். மச்சை மாற்றில் இம்மூன்றும் கூடிவிடுகின்றன.

இந்தப் படை பெரும்பாலும் மூன்றிடங்களைத் தாக்கும்: தோல், ஈரல், குடல். இவற்றிற் குடலே மிகவும் அஞ்சத்தக்கது. சிறுகுடலின் உட்புறத்தில் நுண்ணிய சடைமுளைகள் நெருக்கமாக நிற்கின்றன. உணவின் சாரத்தை உறிஞ்சுபவை அவையே. குடலின் உட்படலம் நாலைந்து நாளுக்கொருமுறை உதிர்ந்து புதிதாகிறது. புதிதாக்கும் குருத்துக் கலங்கள் சடைமுளைகளின் அடியிலுள்ள சிறு குழிகளில் இருக்கின்றன. மாற்றுக்கு முன் கொடுக்கும் கடுமருந்து, வேகமாய்ப் பெருகும் கலங்களை எல்லாம் சுடுவதால், குடலையும் சுடுகிறது. சுட்ட இடத்தின் வழியே குடலிலுள்ள பற்றீரியாக்கள் உள்ளே கசிகின்றன. உடல் அபாயமணி அடிக்கிறது. அம்மணியோசை கேட்டுக் கொடுத்தவரின் படை குடலுக்கு விரைந்து, அக்குழிகளில் இருக்கும் குருத்துக் கலங்களையே அழிக்கிறது. பயிரை அழித்தால் மறுபோகம் விதைக்கலாம்; விதைநெல்லை அழித்தால் என்ன செய்வது?

அதனால் வயிறு தண்ணீராய்ப் போகிறது. வைத்தியர்கள் அதனை அளந்து படிவகுக்கிறார்கள். வளர்ந்தவருக்கு ஒருநாளைக்கு 500 மில்லிலீற்றரைத் தாண்டினால் முதற்படி. 1000ஐத் தாண்டினால் இரண்டாம் படி. 1500ஐத் தாண்டினால் மூன்றாம் படி. தாங்கொணா வயிற்றுவலியும் குடலியக்கம் நின்றுபோதலும் நான்காம் படி. அளப்பது அருவருப்பான வேலை என்று எண்ணவேண்டாம். அந்த அளவே வைத்தியருக்குத் திசைகாட்டி.

முதல் மருந்து ஸ்டீரொயிட் வகையைச் சேர்ந்தது. மெதைல்பிரட்னிசொலோன் என்பதை உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இது கேட்கும். கேளாதவர்கள் உண்டு. மூன்று நாளில் நோய் முற்றினாலும், ஏழு நாளிற் குறையாவிட்டாலும், “முதல் மருந்துக்கு அடங்கா நோய்” என்று முடிவுசெய்கிறார்கள். எம் நண்பனுக்கு நேர்ந்தது அதுவே. பழைய கணக்குகளின்படி, இந்நிலையை அடைந்தோரில் ஓராண்டு தாண்டியவர்கள் பாதியினும் குறைவு.

ஏன் அடங்குவதில்லை? ஸ்டீரொயிட் தீயை அணைக்கும் மருந்து. வெந்துபோன வீட்டை அது கட்டித் தராது. குழியிலுள்ள குருத்துக் கலங்கள் போய்விட்டபின், படை ஓய்ந்தாலும் குடல் தளிர்ப்பதில்லை. மேலும் அந்த மருந்தே உடலின் நோயெதிர்ப்பைக் குறைப்பதால் கிருமிகள் புகுந்து, அவையும் வயிற்றோட்டத்தை உண்டாக்குகின்றன. ஆகவேதான் வைத்தியர்கள் குழாய் செலுத்திக் குடலின் சிறுதுண்டை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். வெளிக்கு ஒன்றுபோலத் தோன்றும் வயிற்றோட்டத்துக்குக் காரணங்கள் வேறு வேறு. மருந்துகளும் ஒன்றுக்கொன்று மாறானவை.

அன்பர்களே, இந்த இடத்தில் எங்கள் பின்னே தெரியும் கடலைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள்.

அமைச்சராயிருந்த அஷ்ரப் அவர்களின் கனவு என்று மக்கள் சொல்லும் இத்துறைமுகம், டென்மார்க்கு நாட்டுக் கடனுதவியோடு கட்டப்பட்டு, 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அலையிலிருந்து கலங்களைக் காக்கவே கடலுக்குள் கல்லணை நீட்டினார்கள். ஆனால் கரையோரமாய் ஓடிக்கொண்டிருந்த மணல் அணையிலே தடைப்பட்டது. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயிலும் மணல் அடைத்தது. வடக்கே மணல் வரவின்றிக் கரை அரிந்து, தென்னைகளும் காணிகளும் கடலுக்குள் போயின. அரித்த இடத்திற் கல் போட்டார்கள். கல் போட்ட இடம் நின்றது. அரிப்பு மேலும் வடக்கே நிந்தவூர்ப் பக்கம் நகர்ந்தது. சென்ற கிழமை இக்கூட்டத்துக்கு இடம் பார்க்க வந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதிய காக்கா எம்மிடம் சொன்னார்: “கல்லுப் போட்டது வள்ளத்தக் காக்கத்தான் தம்பி. கரையத் திங்கச் சொல்லியா போட்டாங்க?”

இவ்வுவமை முழுதும் பொருந்துமென்று சொல்லோம். ஆனால் அவர் சொன்னதில் எமக்கு வேண்டியது இருக்கிறது. காக்க வந்தது ஓரிடத்தில் அரித்துவிட்டதென்றால், காக்கும் எண்ணமே பொய்யென்று ஆகிவிடாது. அரிப்பை ஓரிடத்தில் மறித்தால் மற்றோரிடத்தில் எழுவதும், குடல்நோயில் வைத்தியர் படும் பாட்டைப் போன்றதே. படையை அடக்கினால் கிருமி எழும். கிருமியைக் கொல்லக் கடும் எதிர்மருந்து கொடுத்தால் குடலுக்குத் துணையான நல்ல பற்றீரியாக்களும் மாண்டுபோகும். நியூயோர்க், டேர்ஹாம், ரேகன்ஸ்பேர்க், சப்போறோ ஆகிய நான்கு நகரங்களில் 1362 நோயாளரை ஆராய்ந்து 2020இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: குடலிற் பலவகைப் பற்றீரியாக்கள் நிலைத்திருந்தவர்களைவிட, அவ்வகைகள் குறைந்துபோனவர்களிடையே இறப்பு அதிகமாயிருந்தது.

இனி அந்த அடுப்படிச் சொல்லுக்கு வருவோம். “அக்காட ரெத்தந்தான் தம்பியத் திண்டது.”

குடலைத் தாக்கியது அக்காவிடமிருந்து வந்த குழியங்களா? ஆம். இதை மறைப்பது அவருக்குச் செய்யும் நன்மையன்று. மறைத்தால் அவர் மனம் மேலும் ஐயுறும். இன்னொன்றையும் ஒளியாமற் சொல்லிவிடுகிறோம். பெண்ணின் மச்சையை ஆணுக்கு ஏற்றும்போது இந்நோய்க்கு இடம் சற்று அதிகம். ஆணுடலில் மட்டும் உண்டாகும் சில புரதங்களைப் பெண்ணின் குழியங்கள் முன்பு கண்டதில்லை. ஆகையால் அவற்றை அந்நியமென்று கொள்கின்றன. வைத்தியர்கள் இதனை அறிந்தே அக்காவைத் தெரிந்தெடுத்தார்கள். ஏன்? ஒரே தாய்தந்தையரின் பிள்ளைகளில் ஒருவரின் மச்சை மற்றவருக்கு முழுதும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. பொருந்திய உடன்பிறப்பு ஒருவர் இருக்கும்போது, அவரிலும் நல்ல கொடையாளரைக் காண்பது அரிது. அப்படிப் பொருந்தியவர் கொடுத்தபோதும், பழைய தடுப்பு முறைகளில், மூவரில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை இந்நோய் ஏதோவோர் அளவிற் கண்டது. அதனை உண்டாக்குவதும் தவிர்ப்பதும் அக்காவின் கையில் இருக்கவில்லை.

அதனினும் மேலான ஓருண்மை உண்டு. பெரியோர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். ஒன்றையொன்று முற்றும் ஒத்த இரட்டையரின் மச்சையை ஏற்றினால் இந்த நோய் பெரும்பாலும் வருவதில்லை. அப்படியானால் அதுவே சிறந்ததன்றோ? இல்லை. அவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் திரும்புவது அதிகம் என்று கண்டார்கள். தாக்கும் குழியங்களைப் பிரித்தெடுத்துவிட்டு மச்சையை மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள். குடல் தப்பியது, புற்றுநோய் மீண்டது. 1990இல் ஜெர்மனியின் மியூனிச் நகர வைத்தியர்கள், மாற்றுக்குப் பின் புற்றுநோய் மீண்டவர்களுக்குக் கொடையாளரின் வெண்குழியங்களை மறுபடியும் ஏற்றியபோது நோய் மறைந்ததை எடுத்துக்காட்டினார்கள். ஆகவே, குடலைத் தாக்கும் அதே படையே புற்றுநோயைத் தேடி அழிக்கும் படையும் ஆகும். ஒன்றை மட்டும் பெற்று மற்றதைத் தள்ளிவிடும் வழியை முழுமையாய்க் காண உலகம் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது.

அக்காவின் இரத்தம் தம்பியின் புற்றுநோயோடு போரிட்டது. அவன் இறக்கும்போது அவனுடைய மச்சையிற் புற்றுநோய் காணப்படவில்லை என்று தாயாரிடம் வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை அடுப்படியில் யாரும் சொல்லவில்லை. அக்கா கொடுக்காதிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்பது பொய். கொடுத்தபடியால் அவனுக்கு வாழ ஒரு வழி திறந்தது. அவ்வழியில் நடக்கும்போது இடையில் விழுந்தான். வழி திறந்தவரை விழுத்தியவர் என்று சொல்வது எந்தத் தருமத்திலும் இல்லை. இதனை முற்பிறவிப் பாவம் என்று சொன்னவர்களும் உண்டு. கன்மத்தைப் பற்றிய எம் சமயக் கொள்கை, துன்பப்படுபவர்மேற் கல்லெறிய நமக்குத் தந்த உரிமையன்று. நம்முடைய அடுத்த செயலைச் செம்மையாகச் செய்யுமாறு தந்த எச்சரிக்கை என்றே பெரியோரிடம் கற்றிருக்கிறோம்.

அப்படியானால் அடங்கா நோய்க்கு வழியே இல்லையா? உண்டு, முன்னிலும் கூடுதலாக உண்டு. ரக்சொலிட்டினிப் என்னும் மாத்திரை, படைக்குப் போர்க்கட்டளை செல்லும் பாதையை மறிக்கிறது. அமெரிக்காவில் 2019இல் இந்நோய்க்கு அதனை அனுமதித்தார்கள். 309 பேரைக்கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், நாலு கிழமையில் இம்மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 62 பேருக்கும், வேறு மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 39 பேருக்கும் நோய் தணிந்தது. 2004இல் சுவீடன் நாட்டு வைத்தியர்கள், குடலும் ஈரலும் கடுமையாய்த் தாக்கப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்கு, அவன் தாயின் மச்சையிலிருந்து வேறொரு வகைக் கலங்களைப் பிரித்து வளர்த்து ஏற்றிக் குணங்கண்டார்கள். அதே வகைக் கலங்களால் ஆக்கிய மருந்தொன்றை, ஸ்டீரொயிட்டுக்கு அடங்காத சிறுவர்களுக்காக, 2024 டிசெம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. யப்பான் நாட்டில் நல்லுடல் கொண்டோரின் மலத்திலுள்ள பற்றீரியாக்களை நோயாளர் நால்வரின் குடலிற் சேர்த்தபோது, மூவருக்கு முற்றாகவும் ஒருவருக்கு ஓரளவும் குணமானதென 2016இல் அறிவித்தார்கள். கேட்கக் கூச்சமாயிருக்கலாம், உயிர் காக்குமானால் கூச்சம் எதற்கு? ஆனால் இதனை வீட்டில் எவரும் முயலலாகாது. 2019இல் அமெரிக்காவில் அவ்வாறு சேர்த்ததில் மருந்துக்கு அடங்காத கிருமியொன்றும் கூடவே சென்று, மச்சை மாற்றுப் பெற்ற ஒருவர் இறந்தார்.

எம் நண்பனுக்கு இரண்டாம் மருந்தும் கொடுத்தார்கள், பலிக்கவில்லை. வைத்தியர்கள் தம்மாலியன்றதைச் செய்தார்கள். நாம் செய்யத் தவறியது என்ன என்பதையே நாம் பார்க்கவேண்டும்.

முதலாவது, நாம் கணக்கை முடித்துவிட்டோம். மாற்றுச் சிகிச்சை நடந்தால் எல்லாம் நடந்துவிட்டது என்று எண்ணினோம். மச்சை வேர்கொண்ட பின்னும் முதல் நூறு நாளும் அபாயக் காலம் என்பது எமக்குத் தெரியவில்லை, கேட்கவுமில்லை. வயிற்றோட்டம் தொடங்கியபின் தாயார் தம் காதணியை விற்றார். அந்தச் செய்தி எமக்கு அவன் இறந்தபின்பே எட்டியது. பொங்கலிட்ட கைகளுக்கு அப்போதும் வேலை இருந்தது.

இரண்டாவது, அவன் தன் வயிற்றோட்டத்தை இரண்டு நாள் மறைத்திருக்கிறான். சொன்னால் வீட்டுக்குத் திரும்பும் நாள் தள்ளிப்போகும் என்று அஞ்சினானாம். சித்திரை வருடப்பிறப்புக்கு ஊரில் நிற்கவேண்டும் என்று எங்களிற் சிலர் அவனுக்குத் தொலைபேசியிற் சொல்லியிருந்தோம். அந்த இரண்டு நாளால் முடிவு மாறியிருக்குமா என்று எவராலுஞ் சொல்லமுடியாது. ஆனால் அவனை அவசரப்படுத்தியவர்கள் நாம்.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: இனி நம்மூரில் எவருக்கேனும் இத்தகைய சிகிச்சைக்குப் பணம் திரட்டினால், திரட்டியதிற் பாதியையேனும் மாற்றுக்குப் பிந்திய மாதங்களுக்கென்று தனியே வைக்கவேண்டும். வைத்தியசாலையருகே வாடகை வீடு, மருந்து, துணைக்கு நிற்பவர் என்று அனைத்தும் அதில் அடங்கவேண்டும். ஓராண்டு முடியும்வரை கணக்கை மூடலாகாது.

இரண்டு: துணைக்குச் செல்பவர் ஒரு கொப்பியும் அளவுச் சாடியும் கொண்டுசெல்லவேண்டும். எத்தனை முறை போயிற்று, எவ்வளவு, என்ன நிறம், தோலிற் சிவப்புண்டா, கண் மஞ்சளா என்று நாடோறும் எழுதி வைத்தியரிடம் காட்டவேண்டும். வீட்டுக் கசாயமும், வேண்டுதற் பிரசாதமும், வெளிச்சாப்பாடும் வைத்தியரைக் கேளாமற் கொடுக்கலாகாது. பிரசாதத்தை நாம் உண்டு, அருளை அவர்களுக்கு வேண்டிக்கொள்வோம்.

மூன்று: இரத்ததானம். மச்சை மாற்றுக்கு முன்னும் பின்னும் நோயாளருக்கு இரத்தமும் குருதிச் சிறுதட்டுக்களும் பலமுறை வேண்டும். ஆண்டுக்கொருமுறை நடத்தும் தானமுகாமை நாம் அடிக்கடி நடத்தவேண்டும். ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள். அத்தகைய நோயாளருக்கு நெருங்கிய உறவினரின் இரத்தத்தை அப்படியே ஏற்றுவது ஆபத்து; அந்த இரத்தத்திலுள்ள குழியங்களே இதுபோன்ற நோயை உண்டாக்கக்கூடும். கதிர்வீச்சால் அக்குழியங்களை ஒடுக்கிய பின்னரே ஏற்றுவார்கள். “என் இரத்தம் இருக்க அந்நியன் இரத்தம் எதற்கு?” என்று உறவினர் சண்டையிட வேண்டாம். இவ்விடயத்தில் அந்நியரே நல்லுறவு.

உடன்பிறப்புப் பொருந்தாதவர்கள் என்செய்வது? உலகெங்கும் கொடையாளர் பதிவேடுகள் உள்ளன. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி என்னும் நிறுவனம் அத்தகைய பதிவேடொன்றை நடத்துகிறது. நம் மரபைச் சேர்ந்தோரின் பெயர்கள் பதிவேடுகளிற் கூடினால்தான் நம்மவருக்குப் பொருத்தம் கிடைப்பது எளிதாகும்.

நான்காவது வேண்டுகோளுக்குப் பணமும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, சங்கத்தின் தாய்மார்கள் சிலர் அந்த வீட்டுக்குச் சென்று, “பிள்ளை, கோயிலுக்குப் போவோம் வா” என்று அக்காவை அழைத்து வரவேண்டும். கொடையாளருக்குரிய மரியாதையோடு அழைக்கவேண்டும். தம் எலும்பின் சோற்றை உடன்பிறந்தானுக்கு ஊட்டிய பெண் அவர். இச்சங்கத்தில் நாம் ஆயிரம் முறை தானத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அவர் ஒருமுறையும் பேசாமற் செய்து காட்டினார்.

பொழுது சாய்கிறது. வள்ளங்கள் வருகின்றன. கரை அரிந்த ஊரார் இன்றும் இக்கடலிலேதான் வலை வீசுகிறார்கள். கடலை வெறுத்து ஒருவரும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. நாமும் கொடையை வெறுக்காதிருப்போம், கொடுத்தவரைப் பழிக்காதிருப்போம்.